ஊறலில் இல்லாத தானியம்

சேலம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'ஊறல்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி அது: கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு. படத்தில் பேரல்களைக் கவிழ்க்கும் போலீஸ்காரர்கள், பாறை மேல் வழிந்தோடும் பழுப்புத் தண்ணீர். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய படம் என்பதால் அந்தப் பேரலுக்குள் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

உள்ளே இருப்பது வெல்லம், தண்ணீர், வேலம்பட்டை. சில இடங்களில் அழுகின பழம் சேரும். அவ்வளவுதான். தானியம் கிடையாது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு என்று கேட்கலாம். சங்கப் பாட்டுகளைப் புரட்டினால் வீட்டிலேயே சமைத்த கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப் பெயரே இருக்கிறது. பனையிலோ தென்னையிலோ இறக்கியது அல்ல, நெல்லிலிருந்து ஆனது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் வருகிறது. அகநானூற்றில் நடுகல்லுக்குப் படையலாக வருகிறது. வீட்டுக்கு வீடு அரிசியில் மது சமைத்த ஊரில், இன்றைக்கு மலைமேல் ஒளிந்து காய்ச்சுகிறவருக்குக்கூடத் தானியம் நினைவுக்கு வருவதில்லை. இடையில் என்ன ஆச்சு?

"ராஜாஜி மதுவிலக்குக் கொண்டுவந்தார், எல்லாம் போச்சு" என்பதுதான் எனக்குத் தெரிந்த பதிலாக இருந்தது. நம்ம மாவட்டம்தானே முதல் மாவட்டம். அந்தப் பதில் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சமையலறைக்குள் போகவேண்டும்.

களியும் சர்க்கரையும்

ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். மாவுச்சத்தை அதனால் தின்ன முடியாது. பதநீரிலும் வெல்லத்திலும் சர்க்கரை தயாராக இருக்கிறது. மரத்திலிருந்து இறக்கிய சில மணி நேரத்தில் கள் தானாகவே பொங்கிவிடும். மனிதன் செய்யவேண்டியது அதிகம் இல்லை. அரிசியிலும் ராகியிலும் சோளத்திலும் இருப்பது மாவுச்சத்து. ராகிக் களியை ஒரு வாரம் வைத்தாலும் புளிக்கும், பூசணம் பிடிக்கும், ஆனா போதை தருகிற அளவுக்கு வராது. முதலில் யாராவது அந்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கித் தரவேண்டும்.

அந்த வேலையைச் செய்ய இயற்கையில் மூன்று ஆட்கள் உண்டு. ஒன்று நம் எச்சில். சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். இரண்டு, சில பூஞ்சைகள். மூன்று, முளைவிடும் தானியம். ஒரு விதை முளைக்கும்போது தன்னுள் சேர்த்துவைத்த மாவைக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டுவதற்காக அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. முளைத்த தானியத்தைக் காயவைத்துப் பொடித்தால் அந்த நொதி தூங்கிக்கொண்டு உள்ளேயே இருக்கும். பொடியை வெதுவெதுப்பான கஞ்சியில் கலந்தால் விழித்துக்கொண்டு கஞ்சியையே கரைக்க ஆரம்பிக்கும். பியர் காய்ச்சுகிறவர்கள் 'மேஷ்' என்று சொல்வது இதைத்தான். பியரின் சுவை, காரம், பதம் எல்லாம் பாதிக்குமேல் இந்த ஒரு கட்டத்தில் தீர்மானமாகிவிடும். கூடச் சூடானால் நொதி செத்துவிடும். சூடு போதாவிட்டால் மாவு அவிழாது. மேஷைத் திருத்துவது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தைக் கண்டுபிடிப்பதுதான்.

ஐரோப்பியருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். பார்லி மாவு சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். அதன் நொதியும் அந்தச் சூட்டைத் தாங்கும். அதனால் பொடித்த பார்லி முளையில் 65 டிகிரி வாக்கில் வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் மூடிவைத்தாலே வேலை முடிந்தது. அரிசி, சோளம், ராகி அப்படியில்லை. இவற்றின் மாவு அவிழ இன்னும் கூடுதல் சூடு வேண்டும். பல ரகங்களுக்கு 70 டிகிரிக்கு மேலேயே போகவேண்டும். அந்தச் சூட்டில் நொதி நிலைக்காது. ஆகவே நம் தானியத்துக்கு இரண்டு கட்டம் தேவை: முதலில் தானியத்தைத் தனியாக வேகவைத்துக் களியாக்கவேண்டும், பிறகு ஆறவைத்து முளையைக் கலக்கவேண்டும். அரிசி சேர்த்து பியர் தயாரிக்கும் ஆலைகள் இன்றைக்கும் அரிசியைத் தனிக் கொப்பரையில் வேகவைத்துத்தான் பார்லி முளையோடு சேர்க்கின்றன.

வலைஞர் வீட்டுக் குறிப்பு

இந்த இரண்டு கட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பெரும்பாணாற்றுப்படைக்குப் போவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பாடியது; 500 அடி. பாணன் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே சுட்ட மீனும் குடிக்க மதுவும் கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், அந்த மதுவைச் செய்யும் முறையைப் புலவர் ஏழெட்டு அடிகளில் சொல்லிவிடுகிறார். தமிழில் எனக்குத் தெரிந்த பழைய பக்குவக் குறிப்பு இது. பாட்டாகப் படிக்காமல் பக்குவமாகப் படித்தால் இப்படி வரும்:

தவிடு போகக் குற்றாத அரிசியைக் குழைய வேகவைத்துக் களியாகத் துழாவவேண்டும். அதை வாய் அகன்ற 'பிழா' என்ற தட்டில் பரப்பி ஆறவிடவேண்டும். அதில் நல்ல 'அடை'யைக் கலக்கவேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் போகவேண்டும். உறுதியான வாயுள்ள சாடியில் அது இளசு போகும்வரை விளையவேண்டும். கடைசியில் விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டி எடுக்கவேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. குற்றாத அரிசியில் தவிடு இருக்கும். ஈஸ்ட்டுக்கு அது உரம், வடிக்கும்போது அடைத்துக்கொள்ளாமலும் காக்கும். அகன்ற தட்டில் பரப்புவது சூடு சீராக, சீக்கிரமாக இறங்குவதற்கு. பானையிலேயே விட்டால் களியின் நடுவில் மணிக்கணக்காகச் சூடு நிற்கும். அந்தச் சூட்டில் அடையைப் போட்டால் நொதி வெந்துபோகும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் சூட்டை ஆள்வதற்குப் பாத்திரத்தின் வடிவத்தையே கருவியாக்கியிருக்கிறார்கள். பாட்டில் 'அகன்ற வாய்' என்ற அடைமொழி அழகுக்காக மட்டும் நிற்கவில்லை.

சிக்கல் அந்த 'அடை'யில் இருக்கிறது. பாட்டு அதற்கு ஒரு உவமை தருகிறது: பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு. கறையான் புற்றை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சுபோலத் துளைத்துளையாக, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அடையை நெல்முளை என்று கொள்கிறார். அவர் வழியில் போனால் இது முளைதானிய மேஷ். பார்லிக்குப் பதில் நெல்.

ஆனா உவமையைப் பார்த்தால் வேறொன்றும் தோன்றும். புற்றாஞ்சோறு என்பதே கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். கிழக்கு இந்தியாவில் இன்றைக்கும் 'ராணு' என்ற மருந்துருண்டையைச் சோற்றில் கலந்து ஹண்டியா செய்கிறார்கள். சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் 'மார்ச்சா' என்ற வில்லையைக் கேழ்வரகுச் சோற்றில் கலந்து தோங்பா செய்கிறார்கள். இரண்டிலும் மாவை உடைப்பது பூஞ்சை; முளை அல்ல. நம்ம அடையும் அப்படி ஒரு பூசண வில்லையாக இருக்கலாமே?

அர்த்தசாஸ்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1909இல் மைசூரில் ஷாமசாஸ்திரி பதிப்பித்து வெளிக்கொண்டுவந்த அந்த நூலில் மது அதிகாரிக்கென்று ஒரு அத்தியாயம் உண்டு. மேதகம் என்ற அரிசி மதுவுக்கு ஒரு துரோணம் தண்ணீர், அரை ஆடகம் அரிசி, மூன்று பிரஸ்தம் கிண்வம். ஒரு ஆடகம் நான்கு பிரஸ்தம். கணக்குப் போட்டால் அரிசி இரண்டு பங்கு, கிண்வம் மூன்று பங்கு. அரிசியைவிட உறையே அதிகம்! கிண்வம் உளுந்து விழுதும் அரிசியும் சேர்த்துச் செய்வது. அங்கே முளை பற்றிப் பேச்சு இல்லை.

இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. நான் இப்போது சாய்வது இப்படி: நெல்லை ஊறவைத்து, ஈரச் சாக்கில் மூடி, மூன்று நான்கு நாள் முளைக்கவிட்டுப் பாருங்கள். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முழுசாகத் தூக்கினால் பாய்போல ஒரே தகடாக வரும். அதை 'அடை' என்று சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டாம். தேனடை என்பதில் உள்ள அதே அடை. துளைத்துளையாக, மேலே வெள்ளை வேர்முனையோடு பார்க்கப் புற்றாஞ்சோறு போலவே இருக்கிறது. நம்ம வெயிலில் இன்னும் ஒரு நாள் ஈரத்தோடு விட்டால் பூசணமும் ஏறும். ஆக, முளையா பூஞ்சையா என்று நாம் கேட்கும் கேள்வியை அந்த வலைஞர் வீட்டுப் பெண் கேட்டிருக்கவே மாட்டார். அவர் கையில் இருந்தது இரண்டும் சேர்ந்தது. நெல்முளைக்குப் பார்லி முளை அளவுக்குச் சர்க்கரையாக்கும் வலு கிடையாது என்பதால், கூட ஒரு துணை இருந்தது நல்லதாகவும் போயிருக்கும். களியை நன்றாக ஆறவைத்துக் கலந்து இரண்டு நாள் விட்டதும் இதற்குப் பொருந்துகிறது. மாவு உடைவதும் நுரைப்பதும் ஒரே சாடியில், ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது.

ஐரோப்பியர் கையில்

அங்கே என்ன நடந்தது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். தெர்மாமீட்டர் வருவதற்கு முன் ஜெர்மன் பகுதிகளில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கலவையில் ஒரு பங்கை மட்டும் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி பெரிய தொட்டியிலேயே ஊற்றுவது. கொதிநீருக்குச் சூடு எப்போதும் ஒன்றுதான். எத்தனை பங்கு எடுக்கிறோம் என்பதை அளந்தால் மொத்தச் சூடு எவ்வளவு ஏறும் என்பது தானாக வந்துவிடும். அகன்ற பிழாவில் ஆறவைத்ததற்குச் சமமான புத்தி.

லண்டனில் மைக்கேல் கோம்ப்ரூன் 1762இல் வெளியிட்ட பியர் நூலில் தெர்மாமீட்டரை முறையாகப் பயன்படுத்தச் சொன்னார். 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் சர்க்கரைமானியைக் கொண்டுவந்தார். முளைக்குள் இருக்கும் அந்தப் பொருள் என்ன என்பதை 1833இல் பிரான்சில் பேயனும் பெர்சோவும் பிரித்தெடுத்து 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுத்த நொதி அதுதான். நொதியியல் என்ற துறையே ஒரு வகையில் மேஷ் தொட்டியில் பிறந்தது.

அந்த பியர் நம்ம மலைக்கும் வந்தது. 1857இல் தொடங்கிய காசில் புருவரி, நீலகிரி புருவரி, பெங்களூர்க் கம்பெனிகள் எனத் தென்னிந்திய ஆலைகள் ஐந்தைச் சேர்த்து 1915இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புருவரீஸை உருவாக்கினார். குளிரும் பட்டாளமும் இருந்த இடங்களில் பார்லி பியர் ஊறியது. சமவெளிக்கு அது பாட்டிலில்தான் இறங்கியது, பக்குவம் இறங்கவில்லை.

பனை ஜெயித்த கதை

இப்போது முதல் கேள்வி. இளம்பிள்ளை மாதிரி ஊரில் தானிய மது ஏன் இல்லாமல் போனது?

ராஜாஜி மேல் பழி போட நிறையக் காரணம் உண்டு. 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929இல் அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்து சித்தூர், கடப்பா, வடஆர்க்காடு. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். இன்றைக்கு நாம் கட்டும் வரிக்கும் சேலத்துக் கள்ளுக்கடைக்கும் அப்படி ஒரு பங்காளி உறவு.

ஆனா அந்தப் பிரச்சாரம் எதற்கு எதிராக நடந்தது என்று பாருங்கள். கள்ளுக்கடை, சாராயக்கடை. வீட்டுச் சாடியில் ஊறும் நெல் மது அந்தச் சண்டையில் எதிரியாகவே வரவில்லை. சமவெளியில் அது அதற்கு முன்பே ஆட்டத்தில் இல்லை.

இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. முதலாவது, கணக்கு. இது வானம் பார்த்த பூமி. ராகியும் கம்பும் சோளமும்தான் அன்றாடம். அரிசி விசேஷத்துக்கு. சாப்பிடவேண்டிய தானியத்தை முளைகட்டி, வேகவைத்து, விறகு எரித்து மதுவாக்குவதா, அல்லது வரப்பில் நிற்கும் பனையில் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதா? பனை தண்ணீர் கேட்காது, பஞ்சத்திலும் சுரக்கும், மேஷ் வேலையை மரமே செய்துகொடுத்துவிடும். ஈச்சமரமும் அப்படித்தான். மேஷ் என்பது சர்க்கரை சும்மா கிடைக்காத நாட்டுக்காரர்களின் கலை. கிடைக்கிற இடத்தில் அந்தக் கலைக்கு வேலை இல்லை.

இரண்டாவது, வரி. அர்த்தசாஸ்திரம் மதுவை அரசு கையில் வைத்தாலும், குடும்பத்தார் விசேஷ நாளில் வெண்ணிற மது செய்துகொள்ளலாம், மருந்துக்கு அரிஷ்டம் செய்யலாம், திருவிழாவுக்கு நான்கு நாள் அனுமதி என்று வீட்டுச் சாடிக்கு இடம் விட்டது. ஆங்கிலேய அரசு அப்படி விடவில்லை. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள் இறக்கும் மரத்துக்கு வரி. சாராயத்துக்குக் குத்தகையும் உரிமமும். மரத்தை எண்ணலாம், குறி போடலாம். கடையைப் பூட்டலாம். அடுப்படியில் இருக்கும் சாடியை யார் எண்ணுவது? எண்ண முடியாததற்கு அரசு அனுமதி தருவதில்லை. இப்படியாக, ஏற்கெனவே பனையிடம் தோற்றிருந்த வீட்டு மது, சட்டத்திலும் இடமில்லாமல் போனது. 1937 அந்தக் கதையின் கடைசி வரிக்குப் பிறகு வருகிறது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971இல் நீக்கம், 1974இல் மறுபடியும், 1981இல் தளர்வு, 1983இல் டாஸ்மாக், 1987 முதல் கள்ளுக்கும் தடை. 1937இன் சட்டம் திருத்தங்களோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் பியர் காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம், நானும் காய்ச்சவில்லை. என் சோதனை எல்லாம் கஞ்சியோடு சரி.

பக்குவம் போன இடம்

கஞ்சி என்றதும் சொல்லவேண்டும். மேஷ் நம் ஊரைவிட்டுப் போகவில்லை. வீடு மாறியிருக்கிறது.

ஒன்று, குழந்தைக் கஞ்சி. ராகியை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, வேரைத் தேய்த்து உதிர்த்து, அரைத்து வைக்கும் மாவு. பிள்ளை பெற்ற வீட்டில் இதைச் செய்யாத பாட்டி உண்டா? சிறுதானியங்களில் ராகி முளையின் நொதி வலுவானது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் இதை வைத்துக் குழந்தை உணவுக்கு ஆய்வு செய்தார்கள். 1980களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இன்னும் எளிமையாக்கினார்கள்: கெட்டியான கஞ்சியில் ஒரு சிட்டிகை முளைமாவு போதும், சில நிமிடத்தில் இளகிவிடும்.

இதில் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. சின்னக் குழந்தையின் வயிறு சிறியது. கெட்டிக் களியை விழுங்க முடியாது என்று நாம் தண்ணீர் விட்டு நீர்க்க வைக்கிறோம்; வயிறு நிறையும், சத்து சேராது. முளைமாவு போட்டால் தண்ணீர் சேர்க்காமலேயே கஞ்சி இளகும். அதே கிண்ணத்தில் இரண்டு மடங்கு மாவு போடலாம். இதுவும் மேஷ்தான், ஈஸ்ட் மட்டும் இல்லை.

ஆனா இங்கே ஒரு தவறு நடக்கிறது, எங்கள் வீட்டிலும் நடந்தது. முளைத்த ராகியை 'வாசம் வர' வாணலியில் நன்றாக வறுத்துத்தான் அரைப்போம். ருசி கூடும், மாவும் கெடாது. நொதியும் செத்துப்போகும். பெயர் மட்டும் முளைகட்டிய மாவு. போன வருஷம் இரண்டு விதமாகவும் அரைத்து வைத்துப் பார்த்தேன். 100 கிராம் ராகி மாவை அரை லிட்டர் தண்ணீரில் வேகவைத்துக் களிபோல ஆனதும் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டேன். ஒரு பாதியில் வறுத்த முளைமாவு ஒரு டீஸ்பூன், மறுபாதியில் நிழலில் காயவைத்த முளைமாவு ஒரு டீஸ்பூன். வறுத்தது போட்ட களியில் கரண்டி நட்டபடி நின்றது. மற்றது பத்து நிமிடத்துக்குள் ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டு அயோடின் விட்டால் முதல் கிண்ணம் கருநீலம், இரண்டாவது செம்பழுப்பு. பார்த்துக்கொண்டிருந்த அத்தை சொன்னார்: "அடுப்புல இருக்கறப்பவே போட்டுக் கிண்டிருவோம் கண்ணு, அதான் இத்தன நாளும் தெரியல."

அதுதான் விஷயம். கொதிக்கும்போது போட்டாலும் நொதி சாகும். வேகவை, ஆறவை, கலக்கு, காத்திரு. இளகிய பிறகு திரும்ப ஒரு கொதி விடு. கடைசிக் கொதி குழந்தைக்குக் கட்டாயம். முளைகட்டும்போது சேர்ந்த கிருமிகள் அதில்தான் சாகும். அந்தக் கொதியைத் தவிர்த்து மற்றதெல்லாம் வலைஞர் வீட்டு வரிசையேதான்.

இரண்டாவது வீடு, நெசவு. இளம்பிள்ளைக்காரர்களுக்குச் சேலையைப் பற்றி நான் சொல்லவேண்டாம். பருத்திப் பாவு தறியில் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவோம். நெய்து முடித்த துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் அந்தக் கஞ்சியை எடுத்தாக வேண்டும். பழைய முறை, துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, கஞ்சியைக் கிருமிகள் தின்னவிடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆலைகள் பார்லி முளைச் சாற்றை ஊற்றிக் கஞ்சியைக் கரைத்தன. 1917இல் பொய்தேனும் எஃப்ரோனும் அதே நொதியைப் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் வழி கண்டார்கள். இன்றைக்குச் சாயப்பட்டறைகளில் கஞ்சி எடுக்கப் பயன்படும் நொதி அந்த வம்சம். பியர்த் தொட்டியில் பார்லியை இனிப்பாக்குவதும் சாயத்தொட்டியில் துணிக்கஞ்சியைக் கரைப்பதும் ஒரே வேலைக்காரன்தான்.

ஏன் இதைத் தோண்டவேண்டும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அப்போது டீக்கடையில் கேட்ட பேச்சு: "ஊறல் சரியா ஊறல, அதான் விஷமாயிருச்சு." படித்தவர்களும் சொன்னார்கள். தவறு. சரியாகப் புளிக்காத ஊறலால் அத்தனை பேர் சாகமாட்டார்கள். கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக்கென்று செய்த கரைப்பான், சாராயத்தில் கலந்தது. நம் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் கண் போகும், பிறகு உயிர். தானியமோ வெல்லமோ புளிப்பதில் அந்த அளவுக்கு மெத்தனால் வராது. காரணத்தை ஊறலில் தேடினால், டேங்கரிலிருந்து மெத்தனாலைத் திருப்பிவிட்டவர் தப்பித்துவிடுவார். எது எப்படி ஆகிறது என்று தெரியாத ஊரில் யார் செய்தது என்பதும் தெரியாமல் போய்விடுகிறது.

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். கஞ்சமலைக்கு மூலிகை தேடி ஒரு குருவும் வயதான சீடரும் வந்தார்களாம். சோறு ஆக்கச் சொல்லிவிட்டுக் குரு மலையேறினார். துடுப்பு இல்லாததால் சீடர் பக்கத்துச் செடியில் ஒரு குச்சியை ஒடித்துக் கிளற, சோறு கறுத்துப்போனது. பயந்துபோய் அதைத் தானே தின்றுவிட்டு வேறு சோறு ஆக்கிவைத்தார். குரு திரும்பி வந்தபோது கிழவர் இருந்த இடத்தில் ஒரு இளம் பிள்ளை நின்றானாம்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அது என்ன செடி என்றுதான் கேட்பேன். இப்போது வேறு கேள்வி வருகிறது: அந்தக் குச்சியைப் போட்டுக் கிளறும்போது சோறு அடுப்பில் இருந்ததா, இறக்கிவைத்து ஆறியிருந்ததா? அத்தையிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அத யாரு பாத்தா" என்றார். ராகி மாவை மட்டும் இந்த முறை வறுக்காமல் அரைத்துக் கொடுத்திருக்கிறார், பேத்தி வீட்டுக்கு.